2147483647: ஓர் எண்ணைக் குறித்துச் சில கேள்விகள்

பகா எண்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் பல ஒரே எண்ணைச் சுற்றியே அமைந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஓர் எண்ணுக்கே ஒதுக்குகிறோம். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்பது அதன் பெயர். இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால், அதாவது 2³¹ − 1 என்று கணக்கிட்டால், இது கிடைக்கும்.

கேள்வி: நிரல் எழுதும்போது முழு எண்ணின் உச்ச மதிப்பு 2147483647 என்று வருகிறது. இது ஒரு பகா எண் என்று எங்கள் பேராசிரியர் கூறினார். கணினியை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே ஒரு பகா எண்ணைத் தேர்ந்தெடுத்தார்களா?
— கணினி அறிவியல் மாணவி, மதுரை

பதில்: இல்லை. அது முற்றிலும் தற்செயலான பொருத்தம். ஆயினும் ஆராய்ந்து பார்க்கத் தகுந்த பொருத்தம். ஒரு முழு எண்ணைச் சேமிக்கக் கணினி 32 பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 மட்டுமே ஏற்கும் 32 இடங்களை, ஒதுக்கும்போது, மொத்தம் 2³² வெவ்வேறு மதிப்புகளைக் குறிக்க இயலும். அவற்றில் சரிபாதி குறை எண்களுக்குப் போய்விடுகிறது. மீதமுள்ள பாதி சுழியத்தில் தொடங்குவதால், அது 2³¹ − 1இல் முடிகிறது. எனவேதான் குறை எண்களின் பக்கம் −2147483648 வரை செல்ல முடிகிறது. மிகை எண்களின் பக்கமோ ஒன்று குறைந்து 2147483647இல் நின்றுவிடுகிறது. இரும எண் முறையில் எழுதினால் இது முப்பத்தொரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண். வடிவமைத்தவர்களுக்குப் பிட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே கருத்தில் இருந்தது. பகாத்தன்மையைப் பற்றி அவர்கள் எண்ண வேண்டிய தேவையே எழவில்லை.

இது தற்செயல் என்பதை அண்டை அளவுகளைப் பார்த்தால் உணரலாம். 16 பிட்டுகளுக்கான உச்ச மதிப்பு 32767. அது 7 × 31 × 151 என்று உடைகிறது. 64 பிட்டுகளுக்கான உச்ச மதிப்பு 9223372036854775807. அது இருமுறை ஏழாலும், பின்னர் 73, 127, 337, 92737, 649657 ஆகியவற்றாலும் வகுபடுகிறது. ஆனால் 8 பிட்டுகளுக்கான 127 ஒரு பகா எண். 128 பிட்டுகளுக்கான 2¹²⁷ − 1 என்னும் 39 இலக்க எண்ணும் பகா எண்ணே. காரணம் அடுக்கில் இருக்கிறது. 15, 63 ஆகிய அடுக்குகள் பகு எண்கள். 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். அடுக்கு இரு எண்களின் பெருக்கலாகப் பிரியுமானால் முழு எண்ணும் தவறாமல் பிரியும். 63ஐ 3 வகுப்பதால் 2⁶³ − 1ஐ 2³ − 1, அதாவது 7, வகுத்தே தீரும்.

கேள்வி: அப்படியானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2இன் அந்த அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைப்பதும் பகா எண்ணாகிவிடும் என்று கொள்ளலாமா?
— பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

பதில்: கொள்ள முடியாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பகா அடுக்கு என்பது இன்றியமையாத நிபந்தனை. அது மட்டுமே போதுமான நிபந்தனை அன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரிய கணிதர்களே இடறியிருக்கிறார்கள். இத்தாலியைச் சேர்ந்த கட்டால்டி 1603இல் வெளியிட்ட நூலில் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்பதை முறையாக வகுத்துப் பார்த்து நிறுவினார். அத்துடன் நில்லாமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அதுவே பொருந்தும் என்று கூறினார். அந்த நான்கில் 31 மட்டுமே சரியாக அமைந்தது. 2²³ − 1ஐ 47 வகுக்கிறது; 2³⁷ − 1ஐ 223 வகுக்கிறது; இவ்விரண்டையும் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் கண்டறிந்தார். 2²⁹ − 1ஐ 233 வகுக்கும் என்பதைப் பின்னர் 18ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் கண்டார்.

1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 257 வரையுள்ள அடுக்குகளுள் பகா எண்களைத் தருபவை எவை என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அவர் பட்டியலிலும் 31 இடம்பெற்றது, சரியாகவே இடம்பெற்றது. ஆனால் 67, 257 ஆகியவை தவறாக நுழைந்தன, 61, 89, 107 ஆகியவை விடுபட்டன. 2⁶⁷ − 1 என்பது 193707721 × 761838257287 என்று உடைவதை 1903இல் அமெரிக்கக் கணிதர் கோல் காட்டும்வரை அதன் காரணிகளை எவரும் அறிந்திருக்கவில்லை. சரியான விடையைச் சொல்வதும் அதை நிறுவுவதும் ஒன்றல்ல என்பதை வலியுறுத்தவே இவ்வளவும் கூறுகிறேன். 2³¹ − 1 பகா எண் என்று கட்டால்டியும் மெர்சென்னும் எழுதியிருந்தும், அந்த எண்ணின் வரலாற்றில் அவர்களுக்குரிய பெருமை சிறிதே. அது முழுமையாகச் சேரவேண்டியவர் ஆய்லர்.

கேள்வி: பத்து இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று கணிப்பான் ஏதுமின்றி 18ஆம் நூற்றாண்டில் எப்படி நிறுவ முடிந்தது? வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்ப்பது ஒரு மனிதரின் ஆற்றலுக்குள் அடங்குமா? மாணவர்களுக்குச் சொல்லும் வகையில் விளக்க வேண்டுகிறேன்.
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்கள் கேட்டிருப்பது இந்த எண்ணைப் பற்றிய மிகச் சிறந்த கேள்வி, ஆகவே சற்று விரிவாகவே பதிலளிக்கிறேன்.

முதலில் வேலையின் அளவைப் பார்ப்போம். 2147483647இன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரையுள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4800. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை நீள்வகுத்தல் செய்வதென்பது முடியாத செயல் அன்று என்றாலும், ஒரு பிழைகூட நேராமல் அதைச் செய்து முடிப்பது மிகக் கடினம். ஆய்லர் இதை நிறுவி, பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த கணிதர் ஒருவருக்குக் கடிதமாக எழுதியது 1772இல். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த, அறுபத்தைந்தை எட்டிய, ஏறத்தாழ முற்றிலும் பார்வையிழந்த முதியவர். வலக்கண்ணின் பார்வை இளமையிலேயே போய்விட்டது; இடக்கண்ணும் கண்புரையால் மங்கிவிட்டது. எனவே வகுத்தல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அவர் முன்னிருந்த உண்மையான கணிதச் சிக்கல். அவர் எந்த உண்மைகளைக் கொண்டு அதைக் குறைத்தாரோ அவற்றை இன்றைய முறையில் பின்வருமாறு விளக்கலாம்.

ப என்னும் பகா எண் 2³¹ − 1ஐ மீதியின்றி வகுப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை எழுதி, ஒவ்வொன்றையும் பஆல் வகுத்து மீதிகளை மட்டும் குறித்துக்கொண்டே போவோம். மீதிகள் எங்கேனும் ஓரிடத்தில் 1ஐ அடைந்து, பிறகு அதே வரிசையில் மீண்டும் சுழலத் தொடங்கும். 31ஆம் அடுக்கில் மீதி 1 என்பது நம் கருதுகோளிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே சுழற்சியின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்த நீளம் 1 ஆகவோ 31 ஆகவோதான் இருக்க முடியும். நீளம் 1 என்றால் இரண்டை வகுத்தாலே மீதி 1 வரவேண்டும், அதாவது ப என்பது 1ஐ வகுக்க வேண்டும்; அது நடவாது. எனவே சுழற்சியின் நீளம் சரியாக 31.

மறுபுறம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் ஓர் உண்மையைச் சொல்கிறது: இரண்டின் (ப − 1)ஆம் அடுக்கைப் பஆல் வகுத்தாலும் மீதி 1. அப்படியானால் ப − 1 என்பது 31இன் மடங்காக இருந்தாக வேண்டும். ப ஒற்றை எண் என்பதால் ப − 1 இரட்டை எண். எனவே அது 62இன் மடங்கு. இந்த ஒரு படியிலேயே 3, 5, 7, 11, 13 முதலிய எண்ணற்ற பகா எண்கள் ஒரு வகுத்தல்கூட இல்லாமல் விலகிவிடுகின்றன. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த மாணவன் 2147483647ஐ 7ஆல் வகுத்துப் பார்த்து மீதி வருகிறது என்று அறிவான். வகுக்காமலேயே மீதி வந்தே தீரும் என்று அறிவது வேறு வகையான அறிவு.

இரண்டாவது படி இன்னும் நுட்பமானது. 2³¹ஐப் பஆல் வகுத்தால் மீதி 1 என்றால், 2³²ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். ஆகவே பஆல் வகுக்கும்போது மீதி 2 வருமாறு ஒரு வர்க்க எண் இருக்கிறது. எந்தப் பகா எண்களுக்கு இவ்வாறு அமையும் என்பதற்கு ஒரு தெளிவான விதி உண்டு: அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். இந்த விதியையும் முந்தைய நிபந்தனையையும் சேர்த்தால், ப என்பது 248க + 1 அல்லது 248க + 63 என்ற இரு வடிவங்களுள் ஒன்றில் மட்டுமே அமைய முடியும். இங்கே க என்பது ஒரு முழு எண்.

இனி எண்ணிப் பாருங்கள். 46340க்குள் இந்த இரு வடிவங்களிலும் அமையும் எண்கள் 370க்குச் சற்றே அதிகம். அவற்றிலும் 63, 249, 497, 559 போன்ற பகு எண்களை ஒதுக்கிவிட்டால், வகுத்துப் பார்க்க வேண்டியவை நூற்றுக்கும் குறைவு. முதலில் வருவது 311; மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. அதற்கடுத்தது 1489, மீதி 199. இவ்வாறு 46339 வரை சென்றும் எந்த எண்ணும் மீதியின்றி வகுக்கவில்லை என்பதை ஆய்லர் உறுதிசெய்தார். ஏறத்தாழ 4800 வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் நூற்றுக்கும் குறைவானவை போதுமாயின. உங்கள் மாணவர்கள் முதல் மூன்று வகுத்தல்களைத் தாளில் செய்து பார்க்கட்டும். மீதமுள்ளவற்றைச் செய்யும் பொறுமை தங்களுக்கு வாய்க்குமா என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: அதே ஆய்லர் 4294967297 என்ற எண்ணையும் ஆராய்ந்தார் என்று அறிகிறேன். அதை 641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்ட வழி உண்டா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, மிக அழகான வழி. 4294967297 என்பது 2³² + 1. நாம் பேசிவரும் எண்ணின் இரு மடங்கோடு மூன்றைக் கூட்டினாலும் அதுவே கிடைக்கும். அது பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அது 641 × 6700417 என்று காட்டினார். நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒன்றின் பகாத்தன்மையை மறுத்தும் மற்றொன்றின் பகாத்தன்மையை நிறுவியும் இருக்கிறார். இரண்டிலும் அவர் கையாண்ட உத்தி ஒன்றே: வகுக்கக்கூடியவற்றின் வடிவத்தை முதலில் கண்டறிவது. 2³² + 1இன் பகாக் காரணிகள் 64க + 1 என்ற வடிவில்தான் அமையும்; 641 என்பது 64 × 10 + 1.

நீங்கள் கேட்ட வழி இதுதான். 641ஐ 5 × 2⁷ + 1 என்றும் எழுதலாம், 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். எந்த எண்ணின் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தாலும், அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக் கிடைப்பது அதை வகுக்கும்; எனவே முதல் வடிவத்திலிருந்து, 5⁴ × 2²⁸ − 1ஐ 641 வகுக்கும் என்று பெறலாம். இரண்டாம் வடிவத்தை 2²⁸ஆல் பெருக்கினால், 5⁴ × 2²⁸ + 2³² என்பதையும் 641 வகுக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1.

கேள்வி: இந்த எண்ணால் நடைமுறையில் ஏதேனும் தீங்கு விளைந்ததுண்டா? 2038ஆம் ஆண்டில் கணினிகள் நின்றுவிடும் என்கிறார்களே?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தீங்குக்குக் காரணம் எண் அன்று, அந்த எல்லையை எவரும் தாண்டமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பே. வண்டியின் கிலோமீட்டர் மானி கடைசி ஒன்பதைத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்புவது போல, 32 பிட்டு எண்ணியும் 2147483647க்கு மேல் ஒன்றைக் கூட்டியதும் பெரும்பாலான கணினிகளில் −2147483648க்குத் தாவிவிடுகிறது.

யூனிக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கையாகக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கை 2147483647ஐ எட்டும் கணம், உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடி. உங்களுக்கும் எங்களுக்கும் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. நேரத்தை இன்னும் 32 பிட்டுகளில் வைத்திருக்கும் கருவிகள் அடுத்த விநாடியில் 1901 டிசம்பர் 13 என்று காட்டக்கூடும். புதிய கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் 64 பிட்டுகளுக்கு மாறிவிட்டன; கவலைக்குரியவை தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரின்றி இயங்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகள். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் ஏராளமான காலம் இல்லை.

வேறு இரு நிகழ்ச்சிகளையும் குறிப்பிடலாம். 2014 டிசம்பரில், தென்கொரியப் பாடகர் சையின் காணொளி ஒன்று இந்த எண்ணிக்கையைத் தாண்டிப் பார்க்கப்பட்டுவிட்டதால் பார்வை எண்ணியை 64 பிட்டுகளுக்கு மாற்ற நேர்ந்ததாக யூடியூப் அறிவித்தது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களைக் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தது. மின்னாக்கிகளின் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாட்கள் இடைவிடாமல் இயங்கினால் அவற்றின் உள் எண்ணி நிரம்பி மின்சாரம் நின்றுபோகலாம் என்பது அதன் சாரம். நூறில் ஒரு விநாடிக்கு ஒன்று வீதம் எண்ணிக்கொண்டே போனால் 2147483647ஐ அடைய 248 நாட்களும் சுமார் 13 மணி நேரமும் ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆய்லரின் 248க்கும் இந்த 248க்கும் தொடர்பு ஏதுமில்லை. அது 31 × 8, இது நாட்களின் கணக்கு.

கேள்வி: நிறைவு எண்களுக்கும் 2147483647க்கும் உள்ள உறவு என்ன?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: தன்னைத் தவிர்த்த வகுத்திகள் அனைத்தையும் கூட்டினால் தானே கிடைக்குமாறு அமைந்த எண் நிறைவு எண். 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28. இந்த 28 என்பது 2² × (2³ − 1). இவ்வாறு 2³ − 1 போன்ற ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு நிறைவு எண்ணைத் தரும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படையான நிறைவு எண் எதுவும் இந்த வழியில் பிறந்ததாகவே இருக்க வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நிறுவியவரும் ஆய்லரே.

நம் எண் தருவது எட்டாவது நிறைவு எண்: 2³⁰ × 2147483647 = 2305843008139952128. இதைச் சரிபார்க்க வகுத்திகளையெல்லாம் எழுத வேண்டியதில்லை. இதன் எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை, 1 முதல் 2³⁰ வரையுள்ள இரண்டின் அடுக்குகளின் கூட்டுத்தொகையை (1 + 2147483647)ஆல் பெருக்கிய தொகை. முதல் கூட்டுத்தொகை 2147483647, இரண்டாவது 2³¹. ஆகவே மொத்தம் 2³¹ × 2147483647, அதாவது நாம் எடுத்துக்கொண்ட எண்ணின் சரியாக இரு மடங்கு. அந்த எண்ணை ஒருமுறை கழித்துவிட்டால் எஞ்சுவதும் அதுவே.

1811இல் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ இதைக் குறிப்பிட்டு, இனி இதைவிடப் பெரிய நிறைவு எண் எதுவும் கண்டுபிடிக்கப்படமாட்டாது என்று எழுதினார். இவ்வெண்கள் ஆர்வத்தைத் தூண்டுபவையேயன்றிப் பயனுடையவை அல்ல என்பதால் எவரும் மேற்கொண்டு முயலமாட்டார்கள் என்பது அவர் காட்டிய காரணம். அந்தக் கணிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பயனைக் கணக்கிட்டு இத்துறையில் இறங்கியவர்கள் எக்காலத்திலும் குறைவு. 1876இல் பிரான்சின் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவியபோது 77 இலக்க நிறைவு எண் ஒன்று கிடைத்தது. 1883இல் ரஷ்யாவின் சிற்றூர்ப் பாதிரியாரான பெர்வூஷின், மெர்சென் தவறவிட்ட 2⁶¹ − 1ஐக் கண்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் பகா எண் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்டது.

லூக்காவின் முறையை 1930இல் லேமர் செம்மைப்படுத்தினார். அதை நம் எண்ணுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 4இல் தொடங்குக, வர்க்கப்படுத்தி 2ஐக் கழிக்க, 2147483647ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. 4, 14, 194, 37634, 1416317954 என்று செல்லும் இவ்வரிசையில் இதுவரை வகுக்க வேண்டிய தேவையே எழவில்லை. அடுத்த படியிலிருந்து எழும். மொத்தம் 29 முறை செய்தபின் மீதி சரியாகச் சுழியமானால் எண் பகா எண். சுழியமாகாவிட்டால் பகு எண். இங்கே அது சுழியமாகிறது. ஆய்லரின் நூறளவான வகுத்தல்கள் இருபத்தொன்பது பெருக்கல்களாகச் சுருங்கிவிட்டன.

கேள்வி: பழைய நிரல் ஒன்றில் 16807, 2147483647 ஆகிய இரு எண்களைக் கொண்டு தற்போக்கு எண்களை உருவாக்கியிருந்தார்கள். ஏன் இந்த இரண்டும்?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: முதல் கேள்வியில் பகாத்தன்மை தற்செயல் என்றேன், இங்கே அது தற்செயல் அன்று, தேர்வு. ஓர் எண்ணில் தொடங்கி, அதை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது இம்முறை. 1இல் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073 என்று எண்கள் ஒழுங்கேதும் புலப்படாமல் சிதறிச் செல்லும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால் மீதி ஒருபோதும் சுழியமாகாது. வரிசை இடையில் அழிந்துபோகாது.

ஆனால் அது மட்டும் போதாது. பெருக்கும் எண்ணையும் ஆராய்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 16807க்குப் பதிலாக 2ஐ வைத்திருந்தால் முப்பத்தொரு படிகளிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவோம். 2³¹ஐ வகுத்தால் மீதி 1 என்பதே காரணம். மாறாக 7ஐக் கொண்டு பெருக்கினால், 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களையும் ஒவ்வொரு முறை தொட்ட பின்னரே வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். 16807 என்பது 7⁵. 2147483646ஐக் காரணிப்படுத்தினால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331 என்று வருகிறது. அதில் 5 இல்லை. அதனால் ஏழின் ஐந்தாம் அடுக்கும் அதே முழுச் சுற்றைத் தருகிறது. 7ஐவிடப் பெரியது என்பதால் எண்களை நன்றாகக் கலைக்கவும் செய்கிறது. 1969இல் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகியோர் இந்த இணையைப் பரிந்துரைத்தார்கள். 1988இல் பார்க், மில்லர் ஆகியோர் இதைக் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். இன்றும் சி++ மொழியின் நூலகத்தில் இது இருக்கிறது. அதைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று சோதிக்க, 1இல் தொடங்கிப் பத்தாயிரமாவது எண் 1043618065 ஆக வருகிறதா என்று பார்ப்பார்கள். கடவுச்சொற்களுக்கோ மறைக்குறியீடுகளுக்கோ இதை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். ஓர் எண் தெரிந்தால் அடுத்து வரும் அனைத்தும் தெரிந்துவிடும்.

கேள்வி: 3ஐ அடுக்காக வைத்தால் 7, 7ஐ வைத்தால் 127, 127ஐ வைத்தால் லூக்காவின் எண். இவை எல்லாம் பகா எண்கள். அப்படியானால் 2147483647ஐயே அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பதும் பகா எண்தானா?
— பட்டதாரி ஆசிரியை, புதுச்சேரி

பதில்: உங்கள் வரிசையில் 2147483647க்கும் ஓர் இடம் உண்டு. 31 என்பது 2⁵ − 1. அதை அடுக்காக வைத்துப் பிறந்ததே நம் எண். ஆனால் அடுத்த படி கைகொடுக்கவில்லை. நீங்கள் கேட்கும் எண்ணுக்கு 64 கோடியே 64 இலட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் உண்டு. அது பகு எண். அதன் காரணிகளுள் ஒன்றான 295257526626031 என்பது 1983இல் கண்டறியப்பட்டது.

இதைத் தேடியவர்கள் பயன்படுத்தியதும் ஆய்லருக்கு உதவிய அதே தருக்கம்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால், எந்தப் பகாக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் அது அடுக்கின் இரு மடங்கால் வகுபட வேண்டும். 295257526626031இலிருந்து ஒன்றைக் கழித்து 4294967294ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 68745 என்று வரும். அதாவது, முதல் 68744 மடங்குகளும் உதவாமல் போய், 68745ஆவது மடங்கில் காரணி சிக்கியது. அடுத்து 8இன் விதியையும் சோதிக்கலாம்: கடைசி மூன்று இலக்கங்களான 031ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7, அதுவும் பொருந்துகிறது.

லூக்காவின் எண்ணை அடுக்காக வைத்தால் என்ன ஆகும் என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்கங்களால் ஆனது. இப்போதுள்ள எந்தச் சோதனையும் அதை நேரடியாக அணுக முடியாது. இதே வடிவிலுள்ள காரணிகளைத் தேடுவது ஒன்றே வழி. தேடிய எல்லைக்குள் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.